சேஃப்டி ஷூவுக்குள் என்ன இன்சோல் போடுவது? குதிகால் உயிரை எடுக்கிறது

ஒரகடம் ஷிப்ட்காரன்

வணக்கம் மக்களே. ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. எட்டு மணி நேர ஷிப்ட், ஓ.டி. வந்தால் பன்னிரண்டு. வயது 34, எடை 82 கிலோ. தரை எபாக்ஸி அடித்த கான்கிரீட், பார்க்கப் பளபளவென்று முகம் தெரியும், அதன் மேல் நாள் முழுக்க நிற்பவனுக்குத்தான் அது எவ்வளவு கல் என்று தெரியும்.

மூன்று மாதமாக வலது குதிகாலில் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் கீழேயிருந்து ஆணி ஏறுவது மாதிரி இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி பாத்ரூம் போவேன், பல் தேய்த்து முடிப்பதற்குள் பாதி குறைந்துவிடும், கம்பெனி பஸ் ஏறும்போது அப்படி ஒன்று இருந்ததாகவே தெரியாது. மதியம் கேன்டீனில் இருபது நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி ஆரம்பம். ஷிப்ட் முடியும்போது இரண்டு காலும் கொதிக்கும்.

ஷூ கம்பெனி கொடுத்தது, ஸ்டீல் டோ (விரல் பக்கம் இரும்புத் தொப்பி வைத்தது), எட்டாம் நம்பர். உள்ளே இருந்த அட்டை நாலே மாதத்தில் அப்பளம் ஆகிவிட்டது. தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் நடைபாதையில் ஒரு ஜெல் இன்சோல், அதாவது ஷூவுக்குள் போடுகிற மெத்தை, பார்த்தேன், 250 ரூபாய், விரலால் அமுக்கினால் ஜம்மென்று உள்ளே போனது. வாங்கிப் பழைய அட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டு போனேன். முதல் நாள் சொர்க்கம். மூன்றாம் நாள் கட்டைவிரல் நகம் கருத்துவிட்டது, நடக்கும்போது குதிகால் ஷூவை விட்டு எழும்புகிறது, காலை வலி மட்டும் துளி குறையவில்லை.

ஆன்லைனில் தேடினால் ஜெல், மெமரி ஃபோம், ஆர்ச் சப்போர்ட் (உள்ளங்கால் வளைவுக்கு முட்டுக் கொடுப்பது), முக்கால் நீளம், முழு நீளம் என்று 199 ரூபாயிலிருந்து நாலாயிரம் வரைக்கும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நாலரை ஸ்டார். எதைப் பார்த்து முடிவு செய்வது? நின்று வேலை பார்க்கிறவர்கள் சொன்னால் நல்லது, ஜாக்கிங் போகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அப்புறம், கம்பெனி ஷூவுக்குள் நாமாக ஒன்றைப் போட்டால் சேஃப்டி ஆபீசர் ஏதாவது சொல்வாரா?

---

ஆம்பூர் அச்சு

தம்பி, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் இருபது வருடமாக லாஸ்டிங் (அச்சில் மாட்டி ஷூவை உருவாக்கும்) செக்‌ஷனில் இருக்கிறேன். (பிரியாணி பற்றிக் கேட்க நினைக்கிறவர்கள் தனியாகக் கேட்கவும்.) நீங்கள் செய்த தப்பு ஜெல் வாங்கியது இல்லை, பழைய அட்டையை எடுக்காமல் மேலே போட்டது.

கால் வடிவ அச்சை வைத்துத்தான் ஷூ செய்கிறோம், அதனால் உள்ளே எவ்வளவு இடம் என்பது கம்பெனியிலேயே முடிவாகிவிடும். சாதாரணத் தோல் ஷூவாக இருந்தால் நாலு நாளில் தோல் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். ஸ்டீல் தொப்பி இளகாது. நீங்கள் அடியில் ஐந்து மில்லிமீட்டர் ஏற்றினால் கால் மேலே போகும், மேலே இரும்பு இருக்கிறது, நகம் எங்கே போகும்? பின்பக்கமும் அதே கதைதான். குதிகாலைப் பிடித்துக்கொள்ள ஷூவின் பின்னால் கெட்டியாக ஒரு கவுன்டர் வைக்கிறோம், கால் உயர்ந்தால் அந்தக் கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடும். அதுதான் எழும்புகிறது. அந்தத் தொப்பி ஏதோ பேருக்கு வைக்கிற தகரமும் இல்லை. ஸ்டாண்டர்டுப்படி 200 ஜூல் அடி தாங்க வேண்டும், அதாவது 20 கிலோ எடையை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவது. அந்த அடி விழுந்த பிறகும் ஐரோப்பியக் கணக்கில் 42 சைஸ் ஷூவில் தொப்பிக்கு அடியில் 14 மி.மீ. இடம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அந்த இடத்தில் இரண்டு அடுக்கு மெத்தையைத் திணித்தால் விரலுக்கு என்ன மிச்சம் என்று நீங்களே பாருங்கள்.

இன்னொன்று, நீங்கள் இன்சோல் என்று சொல்வதை நாங்கள் சாக் என்போம். எங்களுக்கு இன்சோல் என்றால் அதற்கும் அடியில், ஷூவின் மேல்பாகமான அப்பரை இழுத்து மடித்து ஒட்டுகிற போர்டு. கழற்றி எடுக்க முடிகிறதுதான் மாற்றக்கூடியது. சில மலிவு ஷூக்களில் மேல் அட்டையைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், அதைப் பிய்த்தால் அடியில் தையலும் மேடுபள்ளமும் வெளியே வரும், காலைக் கிழிக்கும். முதலில் விரலை விட்டுக் குதிகால் பக்கம் தூக்கிப் பாருங்கள், லேசாக வந்தால் சரி.

இன்சோலுக்குப் பணம் போடுவதற்கு முன்னால் ஷூவையே ஒரு தடவை சோதித்துவிடுங்கள். மூக்கையும் குதியையும் இரண்டு கையால் பிடித்து மடக்குங்கள். விரல் மூட்டு வரும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் உள்ளே ஷாங்க் (சோலின் நடுவில் வைக்கிற கெட்டிப் பட்டை) இல்லை அல்லது செத்துவிட்டது. அப்புறம் ஈரத் துண்டைப் பிழிகிற மாதிரி முறுக்குங்கள், துண்டு மாதிரியே முறுக்கிக்கொண்டால் அந்த ஷூவுக்குள் நாலாயிரம் ரூபாய் இன்சோல் போட்டாலும் வீண், சேற்றில் நாற்காலி போட்ட கதைதான். மேஜை மேல் வைத்துப் பின்னாலிருந்து பார்த்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பி.யூ. (பாலியூரிதேன்) சோல் என்றால் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். ஈரக்காற்றில் நாள்பட்டால் பி.யூ. உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும், ஸ்டோரில் மூன்று நாலு வருடம் கிடந்த புது ஷூ ஒரே வாரத்தில் கேக் மாதிரி உதிர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆளைத் திட்டிப் பயனில்லை, அது வேதியியல்.

ஷூ சரி என்றால் இன்சோலுக்கு வாங்க. கடையில் எல்லாரும் செய்வது மேலே விரலால் அமுக்கிப் பார்ப்பது. அதில் எது மெத்தென்று இருக்கிறதோ அதை எடுத்துவிடுகிறோம். நீங்கள் 82 கிலோ, விரல் 82 கிலோ இல்லை. வளைவு இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் முழு பலத்தோடு அழுத்துங்கள். விரல் தரை வரைக்கும் போய்விட்டால் நீங்கள் ஏறி நின்றதும் அது இல்லாத மாதிரிதான். கொஞ்சம் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். குதிகால் பக்கம் கிண்ணம் மாதிரி குழிந்து ஓரம் உயர்ந்திருக்க வேண்டும். குதிகாலுக்கு அடியில் கடவுளே ஒரு கொழுப்பு மெத்தை வைத்திருக்கிறார், நிற்கும்போது அது பக்கவாட்டில் பிதுங்கி ஓடும், ஆழமான கிண்ணம் அதை அடியிலேயே பிடித்து வைக்கும். விரல் பக்கம் மட்டும் மெல்லிசாக, மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஸ்டீல் டோவுக்குத் தோதாக இருக்கும்.

முக்கால் நீளம் என்று விற்பது விரல் பக்கம் இடத்தை அடைக்காது, அது நல்லதுதான், ஆனால் நாள் முழுக்க நடக்கிறவனுக்கு முன்னால் நகர்ந்து நகர்ந்து போகும், விளிம்பு உள்ளங்காலில் வரப்பு மாதிரி உறுத்தும். எனக்குப் பிடிக்காது.

வெட்டும்போது பழைய அட்டையை மேலே வைத்துப் பேனாவால் வரைந்து, கோட்டுக்கு வெளியே வெட்டுங்கள். போட்டுப் பார்த்து மறுபடி சீவலாம். விரல் பக்கம் மட்டும்தான் வெட்டலாம், குதிப் பக்கம் கத்தரிக்கோல் படக்கூடாது.

---

ஜூரோங் வெல்டர்

ஆம்பூர் அண்ணன் சொன்னதில் முக்கால்வாசி சரி. நான் சிங்கப்பூரில் ஷிப்யார்டில் பதினோரு வருடம், அதில் ஏழு வருடம் குதிகாலோடு சண்டை. ஒரு விஷயத்தில் மட்டும் என் அனுபவம் வேறு.

கெட்டியாக இருந்தால் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு வளைவு உயரமான ஒரு இன்சோலை 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து வாங்கினேன். அன்றைக்கு அது எனக்கு இரண்டு நாள் சம்பளம். போட்டால் உள்ளங்காலுக்கு நடுவில் எலுமிச்சம்பழத்தை வைத்து மிதிக்கிற மாதிரி இருந்தது. பழகிவிடும் பழகிவிடும் என்று மூன்று வாரம் பல்லைக் கடித்தேன், முட்டியும் சேர்ந்து வலிக்க ஆரம்பித்தது. அப்புறம்தான் டார்மிட்டரியில் ஒரு ஆந்திரா நண்பர் காலை நனைத்து சிமென்ட் தரையில் வைக்கச் சொன்னார். என் கால் அப்படியே தோசைக்கரண்டி மாதிரி முழுசாகப் பதிந்தது. தட்டைப் பாதம். தட்டைப் பாதக்காரனுக்கு உயரமான வளைவைக் கொடுத்தால் பாதம் அதோடு சண்டை போடும். தாழ்ந்த வளைவு, ஆனால் வளையாத அடித்தட்டு, அதுதான் எனக்கு ஒத்துவந்தது.

தம்பி முதலில் காலை நனைத்து வைத்துப் பாருங்கள். குதிகாலையும் முன்பாதத்தையும் சேர்க்கிற பட்டை பாதி அகலம் இருந்தால் நடுத்தரம். மெல்லிய கோடு மாதிரி இருந்தாலோ நடுவில் அறுந்திருந்தாலோ உயர்ந்த வளைவு. முழுசாக இருந்தால் நம்ம சாதி. துல்லியம் என்று சொல்லமாட்டேன், ஆனால் நாலாயிரம் ரூபாயை வீணாக்குவதற்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர் செலவழிக்கலாம்.

அப்புறம் நம்பரை மட்டும் நம்ப வேண்டாம். எனக்கும் என் ஃபோர்மேனுக்கும் ஒரே ஒன்பதாம் நம்பர், ஆனால் அவருக்கு விரல் நீளம், எனக்கு விரல் குட்டை, பாதம் நீளம். அவருடைய இன்சோலைப் போட்டால் வளைவு வர வேண்டிய இடத்துக்கு ஒரு விரற்கடை பின்னால் வந்து நிற்கிறது. குதிகாலிலிருந்து கட்டைவிரலின் அடி மூட்டு வரைக்கும் அளந்து, அது இன்சோலின் வளைவு முடிகிற இடத்தோடு சேர்கிறதா பாருங்கள்.

மெமரி ஃபோம் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அது சூட்டுக்கு இளகுகிற சரக்கு. ஏ.சி. கடையில் போட்டு நாலு அடி நடந்தால் கால் பஞ்சில் புதையும். இங்கே துவாஸ் பக்கத்து வெயிலில், இரும்புத் தகடு மேல், பத்து மணிக்கு மேல் அது வெறும் துணி. கூடவே வியர்வையைக் குடித்து நாறும். நான் இங்கே தேக்கா மார்க்கெட் பக்கம் வாங்கிய ஒன்று ஆறு வாரம் வந்தது, அதற்குள் அறைக்கு வெளியே வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

ஈரம்தான் எல்லா இன்சோலுக்கும் எமன். வேலை முடிந்து வந்ததும் இன்சோலை வெளியே உருவி நிறுத்தி வைத்துவிடுவேன், பூட்ஸுக்குள் பழைய பேப்பரைச் சுருட்டித் திணிப்பேன். வெயிலில் நேராகக் காயப்போட வேண்டாம், சுருண்டுவிடும். இரண்டு ஜோடி இருந்தால் நாள் மாற்றி நாள் போடுங்கள்.

லேஸ் கட்டுவதையும் பாருங்கள். நிறையப் பேர் லேஸை அவிழ்க்காமல் காலை விட்டு இழுத்து மாட்டுகிறோம், நானும் அப்படித்தான் இருந்தேன். குதிகாலைப் பின்னால் தட்டி உட்காரவைத்து, மேல் கண்ணில் இறுக்கிக் கட்டினாலே பாதி எழும்பல் போய்விடும்.

---

ஒரகடம் ஷிப்ட்காரன்

அண்ணன்கள் இரண்டு பேருக்கும் நன்றி. இப்போதுதான் மொட்டைமாடியில் காலை நனைத்து வைத்துப் பார்த்தேன், பாதிப் பட்டை பதிகிறது, நடுத்தரம் என்று எடுத்துக்கொள்கிறேன். அம்மா மாடிக்கு வந்து என்னடா பண்ணுகிறாய், கிருஷ்ண ஜெயந்தி இன்னும் வரவில்லையே என்று கேட்டார்.

ஷூவை முறுக்கிப் பார்த்தேன், முறுக்கவில்லை, ஷாங்க் இருக்கிறது போல. அட்டை ஒட்டவில்லை, வந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் குதிகால் இடத்தில் வெளிச்சம் தெரிகிறது. இன்னொரு சந்தேகம், நண்பன் ஒருவன் எக்ஸ்ரே எடு, எலும்பு வளர்ந்திருக்கும், ஆபரேஷன்தான் என்று பயமுறுத்துகிறான். இன்சோலால் சரியாகிற விஷயமா இது?

---

பிசியோ அக்கா

தம்பி, ஆபரேஷன் என்று சொன்ன நண்பரிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் முதல் அடியில் குத்துவது, நடந்தால் குறைவது, உட்கார்ந்து எழுந்தால் திரும்ப வருவது என்று நீங்கள் எழுதியிருப்பது பிளான்டர் ஃபேசியைடிஸ் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிற அதே வரிசை. நம் பாட்டிகள் குதிகால் வாதம் என்பார்கள். குதி எலும்பிலிருந்து விரல்கள் வரைக்கும் உள்ளங்காலுக்கு அடியில் நார்ப் பட்டை ஒன்று ஓடுகிறது, வில்லின் நாண் மாதிரி. மணிக்கணக்கில் நிற்கும்போது அது எலும்பில் ஒட்டியிருக்கும் இடத்தில் இழுபட்டு நொந்துபோகிறது. இரவில் பாதம் கீழ்நோக்கித் தொங்கியபடி தூங்குவதால் பட்டை சுருங்கிக் கிடக்கும், காலையில் திடீரென்று 82 கிலோவை ஏற்றினால் கத்தும்.

எக்ஸ்ரேயில் எலும்பு முள் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது தெரியலாம். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அது இருக்கிறது. அதனால் படத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு அறுவை இல்லாமலேயே சரியாகிவிடும், ஆனால் வாரக்கணக்கில் இல்லை, மாதக்கணக்கில்.

இன்சோல் அந்தப் பட்டையின் இழுவையைக் குறைக்கும், அவ்வளவுதான். காலின் அளவெடுத்து அச்சு எடுத்துச் செய்து தருகிறோம் என்று எட்டாயிரம் பத்தாயிரம் கேட்கிற இடங்கள் இருக்கின்றன. சாதாரணக் குதிகால் வலிக்கு அதற்கும் கடையில் கிடைக்கும் நல்ல ரெடிமேடுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் ஆய்வுகளில் வந்திருக்கிறது. அதனால் முதலில் ரெடிமேட் போதும். பாதம் கோணல், பழைய எலும்பு முறிவு, வாத மூட்டு என்று ஏதாவது இருந்தால் கதை வேறு.

கூடவே இதைச் செய்யுங்கள், இதை விட்டுவிட்டு இன்சோல் மட்டும் போட்டால் பாதிக் கிணறுதான். காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்னால், உட்கார்ந்தபடி வலிக்கும் காலைத் தொடை மேல் போட்டு, விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி மேல்பக்கமாக வளையுங்கள். உள்ளங்காலில் நாண் மாதிரி விறைத்து நிற்பது இன்னொரு கை விரலுக்குத் தட்டுப்படும். பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள், பத்து முறை. அதற்கப்புறம்தான் முதல் அடி. கேன்டீனில் எழுவதற்கு முன்னாலும் முடிந்தால் செய்யுங்கள், யாரும் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டுவது ஒரு நாளைக்கு மூன்று தடவை. வேலை முடிந்து வந்து தண்ணீர் உறைந்த பாட்டிலைத் துணி சுற்றிப் பாதத்துக்கு அடியில் பத்து நிமிடம் உருட்டலாம்.

இனி நீங்கள் கேட்காதது ஒன்று. எட்டு மணி நேரம் ஷூவில் நிற்கிறீர்கள், மிச்ச நேரம்? நம் வீடுகளில் செருப்பு வாசலோடு சரி. டைல்ஸ், கிரானைட் தரையில் வெறுங்காலோடு நடக்கிறோம், அதுவும் சமையலறையில் பெண்கள் மணிக்கணக்கில். என்னிடம் குதிகால் வலியோடு வருகிறவர்களில் பூட்ஸ் போடுகிறவர்களை விட அவர்கள்தான் அதிகம். வீட்டுக்குள் மட்டும் போட ஒரு மெத்தென்ற செருப்பு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலர் ரப்பர்) செருப்பு மருந்துக்கடைகளிலேயே கிடைக்கும். அது நம்மூர்ச் சரக்குதான் தெரியுமா, 1950-களில் வேலூர் சி.எம்.சி.யிலும் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும், உணர்ச்சி மரத்துப்போன பாதங்களில் புண் வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று பாடுபட்டதில் வந்தது. இன்றைக்கு சர்க்கரைக்காரர்கள் எல்லாரும் போடுகிறார்கள்.

சர்க்கரை என்றதும் ஞாபகம் வருகிறது. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது சர்க்கரை இருந்து, காலில் மதமதப்பும் இருந்தால், மேலே அண்ணன்கள் சொன்ன கெட்டி வளைவை நீங்களாக வாங்கிப் போடவே கூடாது. உறுத்துவது உங்களுக்குத் தெரியாது, கழற்றும்போது புண்தான் தெரியும். நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது, ஐந்து நிமிட வேலை, முதலில் அதைச் செய்துகொள்ளுங்கள். தம்பிக்கும் சொல்கிறேன், 34 வயதில் ஒரு தடவை சர்க்கரை பார்த்துவிடுவதில் தப்பில்லை. இரவில் படுத்திருக்கும்போதே வலித்தாலோ, வீங்கினாலோ, மரத்துப்போனாலோ இணையத்தில் கேட்க வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

---

சேஃப்டி ஹெல்மெட்

ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் சேஃப்டி ஆபீசராக இருக்கிறேன். கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, எங்கள் ஆட்களை வில்லனாகவே வைத்திருக்கிறீர்கள் போல.

ஷூவின் நாக்கிலோ சோலிலோ ஐ.எஸ். 15298 என்று போட்டிருக்கும். அந்தச் சான்று மொத்த ஷூவுக்கும் சேர்த்து, உள்ளே வந்த அட்டை உட்பட. வேறு ஒன்றை மாற்றினால் சோதனை செய்த ஷூவும் உங்கள் காலில் இருக்கிற ஷூவும் ஒன்றில்லை. எல்லா இடத்திலும் இதனால் பெரிய ஆபத்து என்று சொல்லமாட்டேன், சாதாரண அசெம்பிளி லைனில் நான் கண்டுகொள்ள மாட்டேன். ஆனால் ஆன்டிஸ்டாட்டிக் ஷூ என்றால் விடமாட்டேன். அதில் காலிலிருந்து தரைக்கு மின்தடை 100 கிலோ ஓமுக்கும் 1000 மெகா ஓமுக்கும் இடையில் இருக்க வேண்டும், உடம்பில் சேர்கிற ஸ்டாட்டிக் மெதுவாகத் தரைக்கு இறங்குவதற்காக. நடுவில் ஜெல்லையோ ரப்பரையோ வைத்தால் வழி அடைபட்டுவிடும். பெயின்ட் ஷாப், சால்வென்ட் கிடங்கு, எலக்ட்ரானிக்ஸ் லைன், இங்கெல்லாம் விளையாட்டு வேண்டாம்.

எங்களிடம் ஒரு பையன், லைன் நுழைவாயிலில் டெஸ்டர் மேல் ஏறி நின்றால் தினமும் சிவப்பு விளக்கு. மெஷினை மாற்றினோம், ஷூவை மாற்றினோம், காலைத் துடைக்கச் சொன்னோம், ஒரு வாரம் ஆயிற்று. கடைசியில் ஷூவைக் கழற்றச் சொன்னால் உள்ளே நீல நிறத்தில் ஜெல். அவனுக்கும் குதிகால் வலி, சொன்னால் வேலையை மாற்றிவிடுவார்கள் என்று பயந்து சொல்லவில்லை. மின்சாரம் கடத்தும் நூல் தைத்த இன்சோல் தனியாக வருகிறது, ஸ்டோரில் கேட்டு வாங்கிக் கொடுத்தோம், பச்சை எரிந்தது. அதனால் தம்பி, மறைக்காமல் கேளுங்கள். உங்கள் ஷூ எந்த வகை என்று உங்கள் ஆபீசருக்குத் தெரியும்.

ஷூ தேய்ந்துவிட்டது என்றால் புதுசு கேட்பதற்குத் தயங்க வேண்டாம், அதைக் கொடுப்பது கம்பெனி வேலை. நிற்கிற இடத்தில் ரப்பர் மேட் ஒன்றும் கேட்டுப் பாருங்கள், இன்சோலை விட அது பல நேரம் அதிகம் உதவும், ஒரு மேட் மூன்று ஷிப்டுக்கும் ஆகும். நின்றே வேலை பார்க்கிறவர்கள் இடையில் உட்கார வசதி வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் 44-ஆம் பிரிவாகவே எழுதி வைத்திருந்தார்கள். கடைகளுக்கு அதே மாதிரி நாற்காலி கொடுக்கச் சொல்லித் தமிழ்நாட்டில் 2021-இல்தான் சட்டம் திருத்தினார்கள். துணிக்கடைப் பெண்கள் அதுவரைக்கும் எதில் சாய்ந்துகொண்டிருந்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

---

ஆம்பூர் அச்சு

ஜூரோங் தம்பி சொன்ன தட்டைப் பாத விஷயம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். நான் செய்கிற ஷூவைத்தான் பார்க்கிறேன், அதைப் போடுகிற காலைப் பார்ப்பதில்லை.

ஒன்று விட்டுவிட்டேன். எட்டாம் நம்பர் என்றீர்களே, அதை யார் அளந்தது? சாயங்காலம் ஷிப்ட் முடிந்து, வேலைக்குப் போடும் அதே சாக்ஸோடு அளந்து பாருங்கள். காலையில் இருக்கிற கால் வேறு, சாயங்காலக் கால் வேறு.

---

ஒரகடம் ஷிப்ட்காரன்

ஏழு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடுவில் நைட் ஷிப்ட்.

ஆம்பூர் அண்ணன் கேட்ட கேள்விதான் முதலில் வேலை செய்தது. சேர்ந்த அன்றைக்கு ஸ்டோரில் என்ன நம்பர் என்று கேட்டார்கள், செருப்பு எட்டு என்பதால் எட்டு என்றேன், நாலு வருடமாக அதுவே ஓடுகிறது. சாயங்காலம் அளந்தால் எட்டில் நிற்கவில்லை, வலது கால் இடதை விடக் கொஞ்சம் பெரிசு வேறு. சேஃப்டி ஆபீசரிடம் போய் நேராகச் சொன்னேன். ஓசூர் அண்ணன் சொன்ன மாதிரி அவர் திட்டவில்லை, என் ஷூ ஆன்டிஸ்டாட்டிக் வகை, ஆனால் என் லைனுக்கு அது கட்டாயம் இல்லை, இன்சோல் போட்டுக்கொள் என்றார். கெமிக்கல் கிடங்குப் பக்கம் அனுப்பினால் மட்டும் பழைய அட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும் என்று கண்டிஷன். ஒன்பதாம் நம்பர் வர மூன்று வாரம் ஆனது.

இன்சோல் வாங்கியது முழு நீளம், நடுத்தர வளைவு, அடியில் கெட்டித் தட்டு, குதிகால் கிண்ணம் ஆழம், முன்னால் மெல்லிசு. 1100 ரூபாய். கடைக்காரர் இரண்டு தடவை மெமரி ஃபோமை எடுத்து நீட்டினார், கட்டைவிரலால் அழுத்தியதும் விரல் அடியைத் தொட்டது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். முதல் நாள் இரண்டு மணி நேரம் மட்டும், அப்புறம் பழையதை மாற்றிக்கொண்டு, இப்படியே ஒரு வாரம் ஏற்றினேன். நாலாம் ஐந்தாம் நாள் உள்ளங்கால் நடுவில் புதுசாக ஒரு வலி வந்து பயமுறுத்தியது, பத்தாம் நாள் போய்விட்டது.

அக்கா சொன்ன நீட்டல் பயிற்சியைத் தினமும் காலையில் செய்கிறேன், சில நாள் மறந்து இறங்கிவிட்டால் கால் ஞாபகப்படுத்தும். சர்க்கரை பார்த்தேன், இல்லை. பத்துக்கு எட்டு என்று இருந்த காலை வலி இப்போது மூன்று இருக்கும். ஓ.டி. நாளில் ஐந்து. முழுசாகப் போகவில்லை, ஆனால் சுவரைப் பிடிக்காமல் பாத்ரூம் போகிறேன். மேட் கேட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்றிருக்கிறார்கள், பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டுக்குள் செருப்புப் போடுவதற்குத்தான் பெரிய போராட்டம். சாமி அறை இருக்கிற வீட்டில் செருப்பா என்று அம்மா பத்து நாள் பேசவில்லை. அக்கா எழுதியதைப் படித்துக் காட்டினேன், சமையலறையில் நிற்கிற பெண்கள் என்ற இடம் வந்ததும் இன்னொரு தடவை படி என்றார். இப்போது இரண்டு ஜோடி எம்.சி.ஆர். இருக்கிறது, பூஜை அறை வாசலில் இரண்டும் கழற்றி வைத்திருக்கும்.

அந்த 250 ரூபாய் ஜெல்லை மிக்சிக்கு அடியில் வெட்டிப் போட்டிருக்கிறார். சட்னி அரைக்கும்போது மேடை அதிர்வது நின்றுவிட்டதாம்.